மின்விளக்குக்கு எதற்கு இருப்பிடம்? ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்கள் கேட்கும் அனுமதிகள் – ஒரு விளக்கம்

புது தில்லி: புதிதாக வாங்கிய ஸ்மார்ட் பல்பைப் பொருத்தி, அதற்குரிய செயலியைத் திறன்பேசியில் நிறுவித் திறந்தவுடன் திரையில் அடுத்தடுத்துக் கேள்விகள் தோன்றுகின்றன. இருப்பிடத்தை அறிய அனுமதிக்கலாமா, அருகிலுள்ள சாதனங்களைக் கண்டறிய அனுமதிக்கலாமா, கேமராவைப் பயன்படுத்த அனுமதிக்கலாமா, அறிவிப்புகளை அனுப்ப அனுமதிக்கலாமா எனச் செயலி கேட்டுக்கொண்டே போகிறது. விளக்கை எரியவும் அணையவும் செய்ய வேண்டிய செயலிக்கு வீட்டின் இருப்பிடம் எதற்கு என்ற ஐயம் பயனருக்கு எழுவது இயல்பே.

ஐயம் கொண்டு மறுத்தால், பெரும்பாலும் பல்பு இணைவதில்லை. ‘சாதனம் கண்டறியப்படவில்லை’ என்ற செய்தியே மீண்டும் மீண்டும் வருகிறது. வேலை முடிந்தால் போதும் என்று அனைத்தையும் ஏற்றுக்கொண்டால், எதற்கெல்லாம் ஒப்புதல் அளித்தோம் என்பது பின்னர் நினைவில் இருப்பதில்லை. சாதனம் பழுது என்று எண்ணிக் கடையில் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

ஒவ்வோர் அனுமதியும் ஒரு குறிப்பிட்ட பணிக்கானது. எந்தப் பணிக்கு எந்த அனுமதி என்பது தெரிந்தால், தேவையானதை மட்டும், தேவையான நேரத்திற்கு மட்டும் வழங்கிச் சாதனத்தை இயக்க முடியும். இதில் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உள்ளது. கேள்வி எதுவும் எழாமலேயே, முன்பு வழங்கிய அனுமதியைத் திறன்பேசி தானாகத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் உண்டு. எரிவாயுக் கசிவு உணரி, வாசல் கேமரா போன்ற பாதுகாப்புச் சாதனங்களைப் பொறுத்தவரை இதுவே கூடுதல் ஆபத்தானது.

கேள்வி கேட்பது யார்?

அனுமதி கோரும் பெட்டியைத் திரையில் காட்டுவது செயலி அன்று. திறன்பேசியின் இயங்குதளமே அதைக் காட்டுகிறது. செயலி கோரிக்கை வைக்கிறது, இயங்குதளம் பயனரிடம் கேட்கிறது, பயனரின் விடையை இயங்குதளமே நினைவில் வைத்துக்கொள்கிறது. பயனர் மறுத்துவிட்டால், செயலியால் அந்த வசதியை அதன் பிறகு அணுக இயலாது.

ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் தொடக்க காலத்தில் இந்த முறை இல்லை. செயலியை நிறுவும்போதே அது கோரும் அனைத்து அனுமதிகளும் ஒரு பட்டியலாகக் காட்டப்பட்டன. அனைத்தையும் ஏற்பது அல்லது செயலியையே கைவிடுவது என்ற இரண்டு வழிகள் மட்டுமே பயனருக்கு இருந்தன. 2015-ஆம் ஆண்டில் வெளியான ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பில்தான், தேவைப்படும் வேளையில் ஒவ்வோர் அனுமதியையும் தனித்தனியே கேட்கும் முறை வந்தது. 2019-இல் வெளியான 10-ஆம் பதிப்பில், செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடத்தை அனுமதிக்கும் தெரிவு சேர்க்கப்பட்டது. 2020-இல் வெளியான 11-ஆம் பதிப்பில், இம்முறை மட்டும் அனுமதிக்கும் தெரிவு சேர்ந்தது.

ஆண்ட்ராய்டில் இந்தக் கேள்வியின் வாசகத்தை இயங்குதளமே அமைக்கிறது. ஆகவே, திறன்பேசியின் மொழி தமிழாக இருந்தால் கேள்வியும் தமிழில் தோன்றும். ஐபோனில், அனுமதி எதற்காகத் தேவை என்ற விளக்க வரியைச் செயலியை உருவாக்கியவர்களே எழுத வேண்டும். அந்த ஒரு வரியைப் படித்துப் பார்ப்பது பயன் தரும். காரணம் தெளிவாகக் கூறப்படவில்லை எனில், அனுமதியை அப்போதைக்கு மறுத்துவிட்டு, தேவைப்பட்டால் பின்னர் வழங்கலாம்.

இருப்பிடத்தைக் கேட்பது ஏன்?

ஸ்மார்ட் பல்பு, பிளக் போன்றவை பெட்டியிலிருந்து எடுக்கப்படும்போது வீட்டு வை-ஃபையின் பெயரையோ கடவுச்சொல்லையோ அறிந்திருப்பதில்லை. அவற்றைத் திறன்பேசிதான் சாதனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இது பொதுவாக இரண்டு வழிகளில் நடைபெறுகிறது. முதல் வழியில், சாதனம் புளூடூத் மூலம் தன் இருப்பை அறிவிக்கிறது; திறன்பேசி அதைக் கண்டறிந்து வை-ஃபை விவரங்களை வழங்குகிறது. இரண்டாவது வழியில், சாதனம் சிறிது நேரத்திற்குத் தானே ஒரு வை-ஃபை இணைப்பை உருவாக்குகிறது. திறன்பேசி அதில் இணைந்து விவரங்களை அனுப்புகிறது.

இரண்டு வழிகளிலும் திறன்பேசி சுற்றிலும் உள்ள புளூடூத், வை-ஃபை அலைகளைத் துழாவ வேண்டியுள்ளது. இருப்பிடம் பற்றிய கேள்வி இங்குதான் எழுகிறது. ஒவ்வொரு வை-ஃபை ரூட்டரும் தனக்கே உரிய அடையாள எண் ஒன்றை இடைவிடாது ஒலிபரப்புகிறது. எந்த எண் கொண்ட ரூட்டர் எந்த இடத்தில் உள்ளது என்ற மாபெரும் தரவுத்தொகுப்புகள் உள்ளன. செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாத கட்டடங்களுக்குள்ளும் வரைபடச் செயலிகள் இடத்தைக் காட்டுவதற்கு இத்தொகுப்புகள் உதவுகின்றன. எனவே, அருகிலுள்ள வை-ஃபைகளின் பட்டியலைப் பெறும் எந்தச் செயலியும், அதைக் கொண்டு பயனர் எங்கிருக்கிறார் என்பதைக் கணித்துவிட முடியும்.

இந்த உண்மையை மறைக்காமல் இருக்கவே, அலைகளைத் துழாவும் செயலி இருப்பிட அனுமதியைப் பெற வேண்டும் என்ற விதியை ஆண்ட்ராய்டு வகுத்தது. பல்புச் செயலி வீட்டு முகவரியைத் தேடாவிட்டாலும், அதை அறியக்கூடிய தகவல் அதன் கைக்குச் செல்கிறது என்பதே இக்கேள்வியின் பொருள்.

இந்த விதி பயனர்களிடையே குழப்பத்தை ஏற்படுத்தியதால் பின்னர் மாற்றம் செய்யப்பட்டது. 2021-இல் வெளியான ஆண்ட்ராய்டு 12 பதிப்பில், புளூடூத் சாதனங்களைக் கண்டறிவதற்கென ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற தனி அனுமதி உருவாக்கப்பட்டது. புளூடூத் மூலம் கிடைக்கும் தகவலைக் கொண்டு இருப்பிடத்தைக் கணிக்க மாட்டோம் என உறுதியளிக்கும் செயலி, இந்த அனுமதியை மட்டும் கேட்டால் போதும். ஆனால் அருகிலுள்ள வை-ஃபைகளின் பட்டியலைப் பெறுவதற்கு இருப்பிட அனுமதி தொடர்ந்து தேவைப்படுகிறது. பழைய இயங்குதளம் கொண்ட திறன்பேசிகளிலும், புதிய முறைக்கு மாறாத செயலிகளிலும் பழைய கேள்வியே வருகிறது. ஒரே பல்பை இணைக்கும்போது, ஒருவர் திறன்பேசியில் இருப்பிடமும் மற்றவர் திறன்பேசியில் அருகிலுள்ள சாதனங்களும் கேட்கப்படுவதற்கு இதுவே காரணம்.

ஐபோனில் வரும் தனிக் கேள்வி

ஐபோனில் புளூடூத்துக்கான அனுமதி 2019-இல் வெளியான ஐஓஎஸ் 13 பதிப்பிலிருந்து தனியாகக் கேட்கப்படுகிறது. இணைந்துள்ள வை-ஃபையின் பெயரைச் செயலி அறிந்துகொள்வதற்கும் அப்பதிப்பிலிருந்து இருப்பிட அனுமதி வேண்டியுள்ளது. 2020-இல் வெளியான ஐஓஎஸ் 14 பதிப்பில், வீட்டு வலைப்பின்னலில் உள்ள மற்றச் சாதனங்களைத் தேடவும் தொடர்புகொள்ளவும் தனி அனுமதி சேர்க்கப்பட்டது.

இக்கேள்வியைப் பலர் பொருள் விளங்காமல் மறுத்துவிடுகின்றனர். மறுத்தால், ஒரே வீட்டில், ஒரே வை-ஃபையில் இருந்தும் பல்போ தொலைக்காட்சியோ செயலியின் கண்ணில் படுவதில்லை. ஐபோனின் அமைப்புகளில் ‘தனியுரிமை மற்றும் பாதுகாப்பு’ பகுதிக்குள் உள்ளக வலைப்பின்னல் என்ற பட்டியல் இருக்கும். அதில் உரிய செயலியின் பெயருக்கு எதிரே உள்ள பொத்தானை இயக்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மறுத்தபின் கேள்வி வராதது ஏன்?

ஒருமுறை மறுத்துவிட்டு, பின்னர் மனம் மாறி மீண்டும் முயல்பவர்கள் எதிர்கொள்ளும் பொதுவான சிக்கல், கேள்வியே மறுபடி தோன்றாமல் இருப்பதாகும். செயலி ‘அனுமதி இல்லை’ என்று மட்டும் கூறும். அனுமதி வழங்குவதற்கான பெட்டி வராது.

இது பழுது அன்று. ஆண்ட்ராய்டு 11 பதிப்பு முதல், ஒரே அனுமதியை இரண்டு முறை மறுத்துவிட்டால், இனிக் கேட்க வேண்டாம் என்பதே பயனரின் விருப்பம் என இயங்குதளம் கொள்கிறது. ஐபோனில் ஒருமுறை மறுத்தாலே கேள்வி மீண்டும் வருவதில்லை. பயனரைத் தொடர்ந்து நச்சரித்து ஒப்புதல் பெறுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

அனுமதியை வழங்க அமைப்புகளுக்குத்தான் செல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில், செயலியின் படத்தை அழுத்திப் பிடித்தால் தோன்றும் தகவல் குறியைத் தொட்டு, ‘அனுமதிகள்’ பகுதியைத் திறந்தால், அனுமதிக்கப்பட்டவையும் மறுக்கப்பட்டவையும் தனித்தனியே தெரியும். ஐபோனில், அமைப்புகளில் செயலியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அதற்குரிய அனுமதிகள் அனைத்தும் ஒரே பக்கத்தில் காணப்படும்.

அனுமதித்தும் இணையாவிட்டால்

கேட்ட அனைத்தையும் அனுமதித்த பின்னும் சாதனம் இணையாமல் போவதுண்டு. சாதனத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் பின்வருவனவற்றை வரிசையாகச் சரிபார்ப்பது நல்லது.

முதலாவது, திறன்பேசியின் பொது இருப்பிடப் பொத்தான். செயலிக்கு இருப்பிட அனுமதி அளிப்பதும், திறன்பேசியின் இருப்பிட வசதியை இயக்குவதும் வெவ்வேறு செயல்கள். மின்கலச் சேமிப்புக்காக இருப்பிட வசதியை அணைத்து வைத்திருப்பவர்களின் ஆண்ட்ராய்டு திறன்பேசியில், செயலிக்கு அனுமதி இருந்தாலும் வை-ஃபை பட்டியல் வெறுமையாகவே தோன்றக்கூடும். புளூடூத்தும் இவ்வாறே இயக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, துல்லியமான இருப்பிடம். ஆண்ட்ராய்டு 12 பதிப்பிலிருந்து, இருப்பிடத்தைத் துல்லியமாகவோ தோராயமாகவோ வழங்கும் தெரிவு உள்ளது. ஐபோனில் இது ஐஓஎஸ் 14 முதல் உள்ளது. தோராயமான இருப்பிடம் வானிலைச் செயலிக்குப் போதும். வை-ஃபை பட்டியலைப் பெறப் போதாது. சாதனத்தை இணைக்கும் வேளையில் மட்டும் துல்லியமான இருப்பிடத்தை வழங்கிவிட்டுப் பின்னர் திரும்பப் பெறலாம்.

மூன்றாவது, வை-ஃபையின் அலைவரிசை. விலை குறைந்த பல்புகளும் பிளக்குகளும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குகின்றன. வீட்டு ரூட்டர் 2.4, 5 என இரண்டு அலைவரிசைகளையும் வழங்கும். திறன்பேசி 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் இருந்தால், சில செயலிகளால் சாதனத்தை இணைக்க இயலாது. இரண்டு அலைவரிசைகளும் வெவ்வேறு பெயர்களில் இருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸுக்குரிய பெயரைத் தேர்ந்தெடுத்து இணைய வேண்டும். விருந்தினர்களுக்கென ஒதுக்கப்பட்ட வை-ஃபையில் சாதனங்கள் ஒன்றையொன்று காண இயலாதவாறு தடுக்கப்பட்டிருக்கலாம் என்பதால், அதைத் தவிர்ப்பது நல்லது.

நான்காவது, ‘இந்த வை-ஃபையில் இணையம் இல்லை’ என்ற எச்சரிக்கை. சாதனம் தற்காலிகமாக உருவாக்கும் வை-ஃபையில் இணைய வசதி இருக்காது. இதைக் கண்ட திறன்பேசி, மொபைல் டேட்டாவுக்கு மாறலாமா எனக் கேட்கும். மாறினால், சாதனத்துடனான தொடர்பு பாதியில் அறுந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு அதே இணைப்பில் நீடிக்கும் தெரிவையே தேர்ந்தெடுக்க வேண்டும். மொபைல் டேட்டாவையும், விபிஎன் செயலி இருந்தால் அதையும் தற்காலிகமாக அணைத்து வைப்பது உதவும்.

ஐந்தாவது, மின்சாரம். ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் மின்சாரம் தேவை. சுவரில் உள்ள சுவிட்சை வழக்கம்போல் யாரேனும் அணைத்துவிட்டால், எந்த அனுமதியும் அதை உயிர்ப்பிக்காது. சில பல்புகளைத் தொடர்ச்சியாகப் பலமுறை அணைத்து எரியவிட்டால், அவை இணைப்பு விவரங்களை அழித்துவிட்டுத் தொடக்க நிலைக்குத் திரும்பும்படி வடிவமைக்கப்பட்டுள்ளன. அடிக்கடி மின்சாரம் வந்து வந்து போகும் பகுதிகளில் பல்பு தானாகவே இணைப்பை ‘மறந்துவிடுவதற்கு’ இதுவும் ஒரு காரணமாகலாம்.

இவை அனைத்தையும் சரிபார்த்த பின்னரே, செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதை முயல வேண்டும். அவ்வாறு செய்யும்போது பழைய அனுமதிகள் அழிந்து, கேள்விகள் முதலிலிருந்து கேட்கப்படும்.

சத்தமின்றி அடங்கும் எச்சரிக்கை

மேலே கூறப்பட்ட சிக்கல்களில் பயனருக்குப் பிரச்சினை இருப்பது உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றி, தேவையான நேரத்தில் மட்டும் தோல்வியடையும் சூழலும் உண்டு.

சமையலறையில் பொருத்தப்பட்ட எரிவாயுக் கசிவு உணரியை எடுத்துக்கொள்ளலாம். அதன் செயலியை நிறுவும் நாளில் பயனர் ஒருமுறை திறந்து பார்க்கிறார். அதன் பிறகு கசிவு எதுவும் ஏற்படாததால், மாதக்கணக்கில் செயலியைத் திறக்கும் தேவை எழுவதில்லை. வெளியூரில் தனியே வசிக்கும் பெற்றோரின் வாசல் கேமராவுக்கான செயலியும் இவ்வாறே திறக்கப்படாமல் கிடக்கலாம்.

ஆண்ட்ராய்டு 11 பதிப்பிலிருந்து, சில மாதங்கள் பயன்படுத்தப்படாத செயலிகளின் அனுமதிகளை இயங்குதளம் தானாகத் திரும்பப் பெறுகிறது. இவ்வசதி பின்னர் ஆண்ட்ராய்டு 6 வரையிலான பழைய திறன்பேசிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 12-ஆம் பதிப்பிலிருந்து, அத்தகைய செயலிகள் உறக்க நிலைக்கும் அனுப்பப்படுகின்றன. உறக்க நிலையில் உள்ள செயலியால் பின்னணியில் இயங்கவோ, இணையம் வழியாக வரும் அறிவிப்புகளைப் பெறவோ இயலாது. மறந்துபோன செயலிகள் பயனரைக் கண்காணிப்பதைத் தடுக்கும் நல்ல நோக்கம் கொண்ட ஏற்பாடு இது. ஆயினும், அசம்பாவிதம் நேராதவரை திறக்கப்படாத பாதுகாப்புச் செயலிக்கும் இதே விதி பொருந்திவிடுகிறது. சமையலறையில் உணரியின் மணி ஒலிக்கும்; அலுவலகத்தில் இருப்பவரின் திறன்பேசிக்குச் செய்தி வராது.

இதைத் தவிர்க்க, பாதுகாப்புச் சாதனங்களின் செயலிகளுக்கு மட்டும் இவ்வசதியை அணைத்து வைக்க வேண்டும். செயலியின் தகவல் பக்கத்தில், பயன்படுத்தப்படாதபோது செயலியை இடைநிறுத்துவது அல்லது அனுமதிகளை அகற்றுவது குறித்த பொத்தான் இருக்கும். திறன்பேசியின் பதிப்பைப் பொறுத்து அதன் வாசகம் மாறுபடும்.

இதனுடன் மேலும் இரண்டு அமைப்புகளையும் கவனிக்க வேண்டும். 2022-இல் வெளியான ஆண்ட்ராய்டு 13 பதிப்பிலிருந்து, அறிவிப்புகளை அனுப்புவதற்கும் செயலி தனி அனுமதி பெற வேண்டும். விளம்பரச் செய்திகளுக்கு அஞ்சி அதை மறுத்தவர்களுக்கு எச்சரிக்கைகளும் வராது. அறிவிப்புகளை அனுமதித்துவிட்டு, விளம்பரப் பிரிவை மட்டும் அணைத்துவைக்கும் வசதி பல செயலிகளில் உள்ளது. அடுத்து, மின்கலச் சேமிப்பு. பின்னணியில் இயங்கும் செயலிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் திறன்பேசிகளில் அறிவிப்புகள் தாமதமாக வரலாம். பாதுகாப்புச் செயலிக்கு மின்கலக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிப்பது உகந்தது. ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் திறன்பேசி இருக்கும் இரவு நேரத்திலும் எச்சரிக்கை ஒலிக்குமா என்பதையும் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை உணரியில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தியோ, வாசல் மணியை அடித்தோ, திறன்பேசிக்குச் செய்தி வருகிறதா எனச் சோதிப்பதே எளிய வழி. வந்த செய்தியைத் தொட்டுச் செயலியைத் திறந்து பார்த்தால், செயலி பயன்பாட்டில் உள்ளது என்பதை இயங்குதளமும் பதிவு செய்துகொள்ளும்.

எதை அனுமதிக்கலாம், எதை மறுக்கலாம்?

அருகிலுள்ள சாதனங்கள், புளூடூத், உள்ளக வலைப்பின்னல் ஆகியவை ஸ்மார்ட் வீட்டுச் செயலியின் அடிப்படைத் தேவைகள். இவற்றை மறுத்தால் சாதனத்தை இணைப்பதும் இயக்குவதும் கடினம்.

இருப்பிடத்தை இம்முறை மட்டும் அல்லது செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்ற அளவில் அனுமதித்தால் போதும். இணைப்பு முடிந்தபின் அதையும் நீக்கிவிட்டு, சாதனம் தொடர்ந்து இயங்குகிறதா எனப் பார்க்கலாம். பல சாதனங்கள் தடையின்றி இயங்கும். எப்போதும் இருப்பிடத்தை அறியும் அனுமதி, பயனர் வீட்டை நெருங்கும்போது விளக்கு தானாக எரிவது போன்ற வசதிகளுக்கு மட்டுமே தேவைப்படுகிறது. அந்த வசதி வேண்டாதவர்கள் இந்த அனுமதியை வழங்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் இந்த அனுமதியைக் கேள்விப் பெட்டியிலேயே வழங்க முடியாது. அமைப்புகளுக்குச் சென்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு செயலி பயனரை அமைப்புகளுக்கு அழைத்துச் சென்று ‘எல்லா நேரமும்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அதன் காரணத்தைக் கேட்டறிவது அவசியம்.

கேமரா அனுமதி பெரும்பாலும் சாதனத்தின் மீதுள்ள கியூஆர் குறியீட்டைப் படிக்கவே கேட்கப்படுகிறது. அதை வழங்க விரும்பாதவர்கள், குறியீட்டின் அருகே அச்சிடப்பட்டிருக்கும் எண்ணைத் தட்டச்சு செய்யலாம். 2022 அக்டோபரில் வெளியான ‘மேட்டர்’ என்ற பொதுத் தரநிலையைப் பின்பற்றும் சாதனங்களில் இது வழக்கமாக 11 இலக்க எண்ணாக இருக்கும். மைக்ரோஃபோன் அனுமதி, வாசலில் நிற்பவருடன் திறன்பேசி வழியாகப் பேசும் வசதிக்குத் தேவை. அந்த வேளை வரும்போது வழங்கினால் போதும்.

தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள், குறுஞ்செய்திகள் ஆகியவற்றுக்கும் பல்புக்கும் தொடர்பு இல்லை. குடும்பத்தினருடன் சாதனத்தைப் பகிர்வதற்குத் தொடர்பு எண்களைச் சில செயலிகள் கேட்கும். உரியவரின் எண்ணை மட்டும் கையால் உள்ளிட்டாலே போதும். கீசரை இயக்கும் பிளக்கின் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டால், மறுப்பதே சரி. வங்கிகள் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொற்கள் குறுஞ்செய்தியாகவே வருகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

எந்தச் செயலி எப்போது எதைப் பயன்படுத்தியது என்பதையும் பயனர் பார்க்க முடியும். ஆண்ட்ராய்டு 12 முதல் ‘தனியுரிமை டாஷ்போர்டு’ என்ற பக்கமும், ஐபோனில் செயலித் தனியுரிமை அறிக்கையும் இதற்காகவே உள்ளன. கேமராவோ மைக்ரோஃபோனோ இயங்கும்போது திரையின் மேற்பகுதியில் வண்ணப் புள்ளியோ குறியோ தோன்றும்.

ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த அனுமதிகள் அனைத்தும் திறன்பேசியைப் பற்றியவை. திறன்பேசியின் கேமரா அனுமதியை நீக்குவதால், வாசலில் பொருத்திய கேமரா பதிவு செய்வதை நிறுத்தாது. அது பதிவு செய்யும் காட்சிகள் எங்குச் சேமிக்கப்படுகின்றன, எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, கணக்கை யார் யார் திறக்க முடியும் என்பவை செயலிக்குள் உள்ள அமைப்புகளில் தனியே முடிவு செய்யப்பட வேண்டியவை. வலுவான கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் அங்குதான் தேவைப்படுகின்றன.

சட்டம் கூறுவது என்ன?

தனியுரிமை அரசியலமைப்புச் சட்டத்தின் கீழ் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக உருவான டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டன. ஒப்புதல் பெறுவது உள்ளிட்ட முக்கியக் கடமைகள், விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதங்களுக்குப் பிறகு நடைமுறைக்கு வரும் வகையில் கால அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது.

ஒப்புதல் என்பது சுதந்திரமாகவும், குறிப்பிட்ட நோக்கத்திற்காகவும், விவரம் அறிந்தும், நிபந்தனையின்றியும், ஐயத்திற்கு இடமின்றியும் அளிக்கப்பட வேண்டும் என்று சட்டத்தின் 6-ஆவது பிரிவு கூறுகிறது. அந்த நோக்கத்திற்குத் தேவையான தரவுகளுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லுபடியாகும். இதை விளக்க, சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு தரப்பட்டுள்ளது. தொலைமருத்துவச் செயலி ஒன்று, மருத்துவச் சேவைக்கான ஒப்புதலுடன் திறன்பேசியில் உள்ள தொடர்பு எண்களுக்கும் ஒப்புதல் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சம்மதிக்கிறார். மருத்துவச் சேவைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால், ஒப்புதல் மருத்துவச் சேவைக்கான தரவுகளுடன் நின்றுவிடும் என்கிறது அந்த எடுத்துக்காட்டு. ஸ்மார்ட் வீட்டுச் செயலிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

அளித்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றும், ஒப்புதல் அளிப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறுவதும் இருக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் தெரிவு பயனருக்கு வழங்கப்பட வேண்டும். அவற்றில் தமிழும் ஒன்று.

உதவி தேடும்போது எச்சரிக்கை

சாதனம் இணையாதபோது, பலர் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி, முதலில் கிடைக்கும் எண்ணை அழைக்கின்றனர். போலிச் சேவை எண்களைப் பரப்பி மோசடி செய்யும் கும்பல்கள் இந்தத் தருணத்தையே பயன்படுத்திக்கொள்கின்றன. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வது, வாட்ஸ்அப்பில் செயலிக் கோப்பை அனுப்பி அதை நிறுவச் சொல்வது ஆகியவை இவர்களின் வழக்கமான உத்திகள்.

இவ்வாறு நிறுவப்படும் செயலிகள் கோரும் அனுமதிகளில் மிகவும் ஆபத்தானது அணுகல்தன்மை அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளிட்ட சிரமங்கள் உடையோருக்கு உதவும் நோக்கில் உருவாக்கப்பட்ட இந்த வசதி, திரையில் தோன்றும் அனைத்தையும் படிக்கவும், பயனருக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் செயலிக்கு ஆற்றல் தருகிறது. பல்பை இணைக்க இது ஒருபோதும் தேவையில்லை. இந்த அனுமதியைக் கேட்கும் ‘சேவைப் பிரதிநிதி’யின் அழைப்பை உடனே துண்டித்துவிட வேண்டும்.

சேவை எண்ணைப் பெட்டியின் மீதோ, கையேட்டிலோ, செயலியின் உள்ளேயோ பார்த்துப் பெறுவதே பாதுகாப்பானது. செயலியையும் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே நிறுவ வேண்டும். மோசடியில் பணம் இழக்க நேர்ந்தால், தேசிய உதவி எண்ணான 1930-ஐ உடனடியாக அழைக்க வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் புகார் பதிவு செய்யலாம். விரைந்து தெரிவித்தால், பணம் கைமாறுவதற்குள் முடக்கப்படும் வாய்ப்பு அதிகம்.

வீட்டில் உள்ள ஒவ்வொரு ஸ்மார்ட் சாதனத்தின் செயலியையும் திறந்து, அது பெற்றுள்ள அனுமதிகளை ஒருமுறை பார்வையிடச் சில நிமிடங்களே ஆகும். விளக்கின் செயலியிடம் தேவைக்கு மேல் உள்ளதை நீக்குவதும், எரிவாயு உணரியின் செயலிக்குத் தேவையானது இன்னும் இருக்கிறதா என உறுதி செய்வதும் ஒரே அமர்வில் முடித்துவிடக்கூடிய பணிகள். பெற்றோர் தனியே வசிக்கும் வீடுகளில், அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அவர்களின் திறன்பேசியிலும் இதைச் செய்து, அவர்களையே சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்வது நலம்.